ஏழாம் அத்தியாயம்: அம்பாசிடரின் டைமிங் செயினை மாற்றுதல்

“வண்டி ஓடுது, ஆனா இழுக்க மாட்டேங்குது.” பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்களிடம் நான் அதிகம் கேட்டிருக்கும் குறை இதுதான். மூன்றாம் கியரில் ஏறிய மேம்பாலம் இப்போது இரண்டாம் கியர் கேட்கும். ஏற்காடு ஏறும்போது வளைவுக்கு வளைவு மூச்சு வாங்கும். கார்புரேட்டரைக் கழுவிப் பார்த்திருப்பார்கள். பிளக், பாயிண்ட், கண்டென்சர் எல்லாம் புதிதாகப் போட்டிருப்பார்கள். கடைசியில் யாரோ ஒருவர் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி வைத்ததும் வண்டி சற்றே தேறியிருக்கும். ஆறு மாதத்தில் பழைய நிலைக்கே திரும்பியிருக்கும்.

அப்படி வருகிற வண்டியில் நான் முதலில் பார்ப்பது டைமிங் செயினை. அது ஒரே நாளில் அறுந்து வண்டியை நிறுத்திவிடுகிற பொருள் இல்லை. பல ஆண்டுகளாக, ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில், மெல்ல மெல்லத் தேய்கிறது. ஓட்டுபவரின் காதும் காலும் அதற்குப் பழகிவிடுகின்றன. அதனால்தான் அது கடைசியில் கவனத்துக்கு வருகிறது. இந்த அத்தியாயம் அந்தச் செயினையும் அதோடு சேர்ந்த உறுப்புகளையும் சோதிக்கவும் மாற்றவும் உங்களுக்குக் கற்றுத்தரும். அவசரப்படாமல் செய்தால் ஒரு சனி, ஞாயிறில் முடியும்.

எந்த எஞ்சினுக்கு?

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசிடர், பிரிட்டனின் மூன்றாம் வரிசை மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடிப்படையாகக் கொண்டது. ஆரம்ப வண்டிகளில் பக்கவாட்டு வால்வு எஞ்சின் இருந்தது. அதன் பிறகு வந்தது 1489 சி.சி. ஓவர்ஹெட் வால்வு பெட்ரோல் எஞ்சின். பி.எம்.சி. நிறுவனத்தின் ‘பி’ வரிசையைச் சேர்ந்த இதே எஞ்சின்தான் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது. நம் ஊரில் கல்யாண வண்டியாகவும் கலெக்டர் வண்டியாகவும் டாக்ஸியாகவும் ஓடித் தேய்ந்தவை பெரும்பாலும் இந்த எஞ்சின்தான். இந்த அத்தியாயம் அதற்கானது.

டீசல் அம்பாசிடருக்கு இதை அப்படியே பின்பற்றாதீர்கள். அதில் இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் டைமிங்கும் சேர்ந்திருக்கிறது. 1990-களில் வந்த இசுசு எஞ்சினும் வேறு அமைப்பு. அவற்றுக்கு அவற்றின் பட்டறைக் கையேடே துணை.

செயின் ஏன் நீள்கிறது?

எஞ்சினின் முன்பக்கம், ஃபேன் புல்லிக்குப் பின்னால், ஒரு தகட்டு மூடிக்குள் இரண்டு பல்சக்கரங்கள் இருக்கின்றன. கீழே இருப்பது கிராங்க் ஷாஃப்டில், மேலே இருப்பது கேம் ஷாஃப்டில். மேல் சக்கரத்துக்குக் கீழ்ச் சக்கரத்தைப் போல இரண்டு மடங்கு பற்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும். வால்வுகள் எந்த நொடியில் திறக்க வேண்டும், எந்த நொடியில் மூட வேண்டும் என்பதை இந்த இணைப்பு தீர்மானிக்கிறது.

செயின் நீண்டுவிட்டது என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். இரும்பு ரப்பர் போல இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் உரசி உரசி இம்மியளவு தேய்கின்றன. ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களில் நடக்கும் அந்தச் சிறு தேய்மானம் எல்லாம் கூடி ஒரு நீளமாகிறது. மாற்றாமல் விட்ட கரி படிந்த ஆயில், அந்த உரசலுக்குச் சாணைப் பொடி போல வேலை செய்கிறது. 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு புஷ் ரோலர் செயினை உருவாக்கியதே, இந்தத் தேய்மானத்தைப் பெரிய பரப்பில் பரப்பிச் செயினின் ஆயுளைக் கூட்டத்தான். அந்த அமைப்பிலும் தேய்மானம் மெதுவாகிறதே தவிர நிற்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். செயினின் கண்ணி இடைவெளி 3/8 அங்குலம், அதாவது 9.525 மி.மீ. கேம் சக்கரத்தில் 40 பல் என்று வைத்துக்கொண்டால் அதன் சுற்றளவு 381 மி.மீ. செயினின் இழுபக்கம் 1 மி.மீ. நீண்டால் கேம் ஏறத்தாழ 1 டிகிரி பின்தங்கும். கிராங்க் கணக்கில் அது 2 டிகிரி. சக்கரங்களின் பல் தேய்மானமும் இதோடு சேரும்.

இங்கேதான் எல்லாரும் வழுக்கி விழும் இடம் இருக்கிறது. இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவதும் கேம் ஷாஃப்ட்தான். ஆகவே செயின் நீளும்போது வால்வும் தாமதமாகிறது, பற்றவைப்பும் தாமதமாகிறது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் பற்றவைப்பு சரியாகும். வண்டி தேறியதுபோல் தெரியும். வால்வுகள் தாமதமாகவே இருக்கும். உள்ளிழுக்கும் வால்வு தாமதமாக மூடுவதால் குறைந்த வேகத்தில் சிலிண்டருக்குள் வந்த கலவையில் ஒரு பங்கு திரும்பி வெளியே போகும். ஏற்றத்தில் இழுவை போவது அதனால்தான். டிஸ்ட்ரிபியூட்டர் பாதி நோயைத்தான் தீர்க்கும், மீதியை மறைக்கும்.

கழற்றுவதற்கு முன் சோதனை

சந்தேகத்தின் பேரில் எஞ்சினைப் பிரிக்காதீர்கள். கீழ்க்கண்ட சோதனைகள் ஒரு மணி நேரத்தில் முடியும்.

*சத்தம்.* தேய்ந்த செயின், ஐடிலில் எஞ்சினின் முன்பக்கத்தில் கலகலவென்று ஒலிக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் அதிகம் கேட்கும். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை டைமிங் கவர்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேளுங்கள். தளர்ந்த உடைகளும் துண்டும் ஃபேனுக்கு அருகே வேண்டாம். வாட்டர் பம்ப் பேரிங்கும் டைனமோ பேரிங்கும் இதே போல் ஏமாற்றும். ஃபேன் பெல்ட்டைக் கழற்றி அரை நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி செயின் இல்லை.

*லைட் சோதனை.* டைமிங் லைட்டை முதல் சிலிண்டரில் இணைத்து ஐடிலில் புல்லியின் வெட்டுக்குறியைப் பாருங்கள். நல்ல எஞ்சினில் குறி ஒரே இடத்தில் நிற்கும். முன்னும் பின்னும் ஆடினால் செயின் தளர்ந்திருக்கலாம், அல்லது டிஸ்ட்ரிபியூட்டர் புஷ் தேய்ந்திருக்கலாம். ரோட்டர் தண்டைக் கையால் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் இரண்டில் எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

*பின்னசைவுச் சோதனை.* இதுதான் தீர்ப்புச் சொல்லும் சோதனை. நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்துவிடுங்கள். எஞ்சினை அது ஓடும் திசையில், அதாவது முன்னால் நின்று பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசையில், ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்றி, புல்லியின் வெட்டுக்குறியை டைமிங் கவரின் டி.டி.சி. (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) முள்ளுக்கு நேராக நிறுத்துங்கள். இந்த எஞ்சின்களில் நீளமான முள்தான் டி.டி.சி. மற்றவை 5, 10 டிகிரி.

இப்போது பின்னோக்கி நகர்த்த வேண்டும். ஹேண்டில் ஒரு திசையில்தான் பிடிக்கும் என்பதால் ஃபேன் பெல்ட்டைப் பிடித்துத் திருப்புங்கள். பெல்ட் வழுக்கினால் டாப் கியரில் போட்டு வண்டியை ஒருவர் பின்னால் மெல்லத் தள்ளட்டும். நீங்கள் ரோட்டரின் மேல் கண் வையுங்கள். ரோட்டர் அசையத் தொடங்கும் அந்தக் கணத்தில் புல்லி எத்தனை டிகிரி நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். 5 டிகிரிக்குள் என்றால் செயினைத் தொட வேண்டாம். 10 டிகிரியைத் தாண்டினால் மாற்றியே தீர வேண்டும். இடைப்பட்டால், சத்தத்தையும் இழுவையையும் சேர்த்து வைத்து முடிவெடுங்கள்.

முட்கள் உடைந்தோ வளைந்தோ இருந்தால் கவலை வேண்டாம். ஒரு நூலைப் புல்லியைச் சுற்றிக் கட்டி நீளத்தை அளந்து 360-ஆல் வகுங்கள். ஒரு டிகிரிக்கு எத்தனை மி.மீ. என்று கிடைத்துவிடும். புல்லியின் விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டு அளக்கலாம்.

இந்த அசைவில் டிஸ்ட்ரிபியூட்டர் கியரின் தளர்வும் கொஞ்சம் கலந்திருக்கும். அதைப் பிரித்தறிய வேண்டுமானால் வால்வு மூடியைக் கழற்றி, ரோட்டருக்குப் பதில், பாதி திறந்திருக்கும் ஒரு வால்வின் ராக்கரைப் பார்த்து இதே சோதனையைச் செய்யுங்கள்.

வாங்க வேண்டியவை

என் வழக்கம் எல்லாவற்றையும் ஒரு தொகுதியாக மாற்றுவது. காரணம், ஒருமுறை காசு மிச்சம் பிடிக்க நினைத்துச் செயினை மட்டும் மாற்றி, பழைய சக்கரங்களையே போட்டேன். மூன்று மாதம்கூட ஆகவில்லை, சத்தம் திரும்பிவிட்டது. தேய்ந்த பல்லில் புதுச் செயின் சரியாக உட்காராது. உரசி உரசி அதுவும் பழையதன் அளவுக்கு வந்துவிடும். மறுபடி ரேடியேட்டர் முதல் கழற்ற வேண்டியதாயிற்று.

1. டைமிங் செயின்.
2. கிராங்க், கேம் சக்கரங்கள் இரண்டும்.
3. உங்கள் எஞ்சினில் டென்ஷனர் இருந்தால் அதுவும், அதன் பேக்கிங்கும்.
4. டைமிங் கவர் பேக்கிங்.
5. முன் ஆயில் சீல்.
6. கேம் நட்டுக்கும் கிராங்க் நட்டுக்கும் புதிய லாக் வாஷர்கள்.
7. ஃபேன் பெல்ட், மேல் கீழ் ரேடியேட்டர் ஹோஸ்கள், கிளிப்கள்.
8. கூலண்ட், எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர்.

சென்னையில் ஜி.பி. ரோட்டுக் கடைகளிலும் புதுப்பேட்டையிலும் அம்பாசிடர் சாமான்களைத் தேடலாம். எங்கே வாங்கினாலும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். செயின் ஒற்றை வரிசையா, இரட்டை வரிசையா என்று பழையதோடு ஒப்பிடுங்கள். கண்ணிகளை எண்ணுங்கள். சக்கரங்களின் பற்களை எண்ணி, புள்ளிக்குறி தெளிவாக இருக்கிறதா, சாவிப் பள்ளம் சுத்தமாக வெட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிரித்துப் போட்ட எஞ்சினிலிருந்து எடுத்த செயினை மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

கருவிகள்

இந்த எஞ்சினின் போல்ட்டுகள் அங்குல அளவு. டைமிங் கவரின் சிறிய போல்ட்டுகளுக்கு 7/16, பெரியவற்றுக்கு 1/2 அங்குல ஸ்பேனர் பொருந்தும். 1/2 அங்குலம் என்பது 12.7 மி.மீ. அங்கே 13 ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் தலை உருண்டுவிடும். அங்குல அளவு ரிங் ஸ்பேனர் செட் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

அதோடு கிராங்க் நட்டுக்குப் பொருந்தும் தடித்த ஸ்பேனர் அல்லது சாக்கெட், புல்லர், சுத்தியல், உளி, பில்லர் கேஜ், நேரான இரும்பு ஸ்கேல், டார்க் ரெஞ்ச், பேக்கிங் சுரண்டி, மண்ணெண்ணெய், சுத்தமான துணி. கடைசியாக ஒரு நோட்டும் பென்சிலும். கைபேசியில் படம் எடுங்கள். இருந்தாலும் கையால் ஒரு படம் வரைந்து வையுங்கள். வரையும்போதுதான் எது எதற்குப் பின்னால் இருக்கிறது என்று மனதில் பதிகிறது.

கழற்றுதல்

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். வண்டி சமதளத்தில், சக்கரங்களுக்குக் கட்டை வைத்து நிற்கட்டும்.

1. பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றுங்கள்.

2. கூலண்டை ஒரு தொட்டியில் வடித்து எடுங்கள். எத்திலீன் கிளைகால் கலந்த கூலண்ட் இனிப்பானது, நஞ்சானது. நாய், பூனை, குழந்தைகள் நெருங்காத இடத்தில் மூடி வையுங்கள்.

3. ஹோஸ்களைக் கழற்றி ரேடியேட்டரை வெளியே எடுங்கள். பழைய ரேடியேட்டரின் துடுப்புகள் மெல்லியவை. சுவரோரம் சாய்க்காமல் சாக்கின் மேல் படுக்க வையுங்கள்.

4. டைனமோ போல்ட்டைத் தளர்த்தி ஃபேன் பெல்ட்டை எடுங்கள். இடைஞ்சலாக இருந்தால் ஃபேனையும்.

5. கிராங்க் நட்டின் லாக் வாஷர் மடிப்பை உளியால் தட்டி நிமிர்த்துங்கள். வண்டியை டாப் கியரில் போட்டு, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்கட்டும். ஸ்பேனரை மாட்டி, அதன் முனையில் சுத்தியலால் ஓங்கி ஒரே அடியாக அடியுங்கள். மெதுவாக இழுத்தால் வராத நட்டு அந்த அதிர்ச்சியில் இளகும். இது சாதாரண மறைதான், இடதுபக்கம் திருப்பினால் கழலும்.

6. நட்டு கழன்றபின் அதைச் சில மறைகள் மட்டும் திரும்பப் போட்டு, அதைக் கொண்டும் ஹேண்டிலைக் கொண்டும் கிராங்க்கைச் சுற்றி முதல் சிலிண்டரை டி.டி.சி.க்குக் கொண்டுவாருங்கள். ரோட்டர் எந்தப் பக்கம் காட்டுகிறது என்று டிஸ்ட்ரிபியூட்டர் உடலில் பென்சிலால் குறியுங்கள்.

7. நட்டை எடுத்துவிட்டு, புல்லியைப் புல்லரால் இழுங்கள். விளிம்பில் நெம்பினால் புல்லி கோணிவிடும்.

8. டைமிங் கவர் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். அளவு வேறுபடும் போல்ட்டுகள் கலந்துபோகாமல் இருக்க இதைவிட எளிய வழி இல்லை.

9. கவரை எடுத்ததும் கிராங்க்கின் மேல் தட்டுப் போன்ற ஆயில் த்ரோயர் தெரியும். எந்தப் பக்கம் முன்னால் பார்க்கிறது என்று படம் எடுத்தபின் கழற்றுங்கள். சிலவற்றில் முன்பக்கத்தைக் காட்டும் ‘எஃப்’ குறி இருக்கும். தலைகீழாக மாட்டினால் முன் சீலில் ஆயில் ஒழுகும்.

10. சம்ப்புக்குப் போகும் திறப்பைத் துணியால் அடையுங்கள். சாவியோ வாஷரோ உள்ளே விழுந்தால் சம்ப்பைக் கழற்ற வேண்டிவரும்.

புள்ளிகளை நேர்ப்படுத்துதல்

இரண்டு சக்கரங்களிலும் சிறு பள்ளமாக ஒரு புள்ளிக்குறி உண்டு. இரண்டு புள்ளிகளும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும், இரண்டு ஷாஃப்டுகளின் நடுவே ஓர் இரும்பு ஸ்கேலை வைத்தால் புள்ளிகள் அந்தக் கோட்டில் விழ வேண்டும். டி.டி.சி.யில் கிராங்க் புள்ளி மேலே பார்த்தும் கேம் புள்ளியும் மேலே பார்த்தால், கிராங்க்கை இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள். அப்போது இரண்டும் சந்திக்கும்.

இந்த நிலையில் ரோட்டர் முதல் சிலிண்டரைக் காட்டலாம், நான்காவதைக் காட்டலாம். முதல் முறை செய்பவர்கள் பலர் இங்கே பதறிப்போய் டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடுங்கிவிடுகிறார்கள். முதலும் நான்கும் ஒன்றாகவே மேலே வருகின்றன. ஒன்று பற்றும் நிலையில் இருக்கும்போது மற்றது புகை தள்ளி முடித்து, அதன் இரு வால்வுகளும் சற்றே திறந்திருக்கும். கேம் ஷாஃப்டைத் தனியாகத் திருப்பாதவரை பற்றவைப்பு வரிசை கெடாது. டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடாதீர்கள்.

கேம் நட்டின் லாக் வாஷரை நிமிர்த்தி நட்டைக் கழற்றுங்கள். டென்ஷனர் இருந்தால் அதன் விசையை அமுக்கிப் பிடித்துக் கழற்றுங்கள். பிறகு இரண்டு சக்கரங்களையும் செயினோடு சேர்த்து, மேலே கொஞ்சம் கீழே கொஞ்சம் என்று நெம்பி ஒன்றாக வெளியே எடுங்கள். கிராங்க் சக்கரத்துக்குப் பின்னால் மெல்லிய ஷிம் இருக்கும். அதைப் பத்திரப்படுத்துங்கள். இதற்குப் பிறகு புதிய செயின் ஏறும்வரை கிராங்க்கையும் கேமையும் அசைக்கக் கூடாது.

பழையதைப் படியுங்கள்

கழற்றிய செயினைத் தூக்கிப் போடுமுன் ஐந்து நிமிடம் அதைப் பாருங்கள். பழையதையும் புதியதையும் பக்கவாட்டில் கிடத்தி, கிடைமட்டமாகக் கையில் நீட்டிப் பிடியுங்கள். புதியது ஏறக்குறைய நேராக நிற்கும். தேய்ந்தது வில்லாய் வளைந்து தொங்கும். பற்களின் ஒரு பக்கம் கொக்கிபோல் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். டென்ஷனரின் ரப்பர் முகத்தில் செயின் ஆழமாகக் கோடு கிழித்திருந்தால், அந்த ரப்பர்த் துகள்கள் சம்ப்பில் இருக்கும். ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

கவரின் உட்புறத்தில் செயின் அடித்த பளபளப்பான தடம் இருந்தால் நீங்கள் தாமதித்துவிட்டீர்கள் என்று பொருள். நல்லவேளை, இப்போதாவது திறந்தீர்கள்.

பழைய பேக்கிங்கைச் சுரண்டுங்கள். கவரை மண்ணெண்ணெயில் கழுவித் தட்டையான கண்ணாடிமேல் வைத்துப் பாருங்கள். போல்ட்டைக் கண்மூடித்தனமாக முறுக்கியவர்கள் கையில் கவரின் விளிம்பு வளைந்திருக்கும். மரக்கட்டைமேல் வைத்து மெல்லத் தட்டி நேராக்கலாம்.

புதியதை ஏற்றுதல்

1. முதலில் செயின் இல்லாமல் இரண்டு புதிய சக்கரங்களையும் ஷாஃப்டுகளில் ஏற்றுங்கள். இரண்டின் முகத்திலும் படும்படி இரும்பு ஸ்கேலை வையுங்கள். இரண்டும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். கிராங்க் சக்கரம் உள்வாங்கியிருந்தால் இடைவெளியைப் பில்லர் கேஜால் அளந்து அதற்கேற்ப ஷிம் சேருங்கள், முன்னால் வந்திருந்தால் எடுங்கள். அவசரக்காரர்கள் தவறாமல் விட்டுவிடும் படி இது. சக்கரங்கள் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் புதுச் செயின் பக்கவாட்டில் உரசிச் சீக்கிரமே போய்விடும்.

2. சக்கரங்களைத் திரும்ப எடுங்கள். சுத்தமான துணிமேல் வைத்து, புள்ளிகள் நேருக்கு நேர் பார்க்கும்படி செயினை மாட்டுங்கள். செயினையும் பற்களையும் எஞ்சின் ஆயிலில் நனையுங்கள்.

3. மூன்றையும் ஒன்றாகத் தூக்கி, முதலில் கிராங்க்கிலும் பிறகு கேமிலும் நுழையுங்கள். கேமின் சாவி ஒரு மயிரிழை ஒத்துவராவிட்டால் கேமை மட்டும் அந்த அளவுக்குத் திருப்பலாம். புதுச் செயின் நீளம் குறைவு என்பதால் இது இயல்பு.

4. ஸ்கேலை வைத்துப் புள்ளிகளை மீண்டும் பாருங்கள். ஒரு பல் தவறினால் கிராங்க் கணக்கில் எவ்வளவு பிழை என்று அறிய 720-ஐக் கேம் பற்களின் எண்ணிக்கையால் வகுங்கள். 40 பல்லுக்கு 18 டிகிரி. அத்தனை பிழையோடு எஞ்சின் ஸ்டார்ட் ஆனாலும் ஓடத் தகுதியற்றது.

5. புதிய லாக் வாஷர் போட்டுக் கேம் நட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கி, வாஷரை மடியுங்கள். டென்ஷனரை மாட்டியபின் அதன் விசையை விடுவியுங்கள்.

6. ஆயில் த்ரோயரைச் சரியான பக்கம் பார்த்துப் போட்டு, கிராங்க் நட்டைத் தற்காலிகமாகப் போட்டு, கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கடிகாரத் திசையில் மட்டும். எங்காவது தடுத்தால் நிறுத்துங்கள். பலம் காட்டாதீர்கள். அது வால்வு பிஸ்டனைத் தொடும் இடமாக இருக்கலாம். இரண்டு சுற்று முடிந்து புள்ளிகள் பழையபடி சந்தித்தால் உங்கள் வேலையின் இதயப்பகுதி முடிந்தது.

கவரை மூடுதல்

பழைய சீலை மரக்கட்டைமேல் வைத்துத் தட்டி எடுத்து, புதியதை நேராக இறக்குங்கள். ரப்பர் சீலின் உதடு எஞ்சினை நோக்க வேண்டும். புல்லியின் கழுத்தைப் பாருங்கள். பழைய சீல் தேய்த்து அங்கே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். பள்ளம் மெல்லியதானால், சீலை ஓரிரு மி.மீ. தள்ளி உட்கார வைத்தால் உதடு தேயாத இடத்தில் ஓடும். ஆழமானால் புல்லியை மாற்றுங்கள், அல்லது கழுத்துக்கு மெல்லிய உறை போடுங்கள்.

கவரைப் பேக்கிங்கோடு வைத்து எல்லா போல்ட்டுகளையும் கைவிரலால் மட்டும் போடுங்கள். இப்போது புல்லியின் கழுத்தில் ஆயில் தடவி, சீலின் வழியே கிராங்க்கில் நுழையுங்கள். புல்லி கவரைத் தானே நடுவுக்குக் கொண்டுவரும். அதற்குப் பிறகே போல்ட்டுகளை மாற்றி மாற்றி, சீராக முறுக்குங்கள். கவரை முதலில் இறுக்கிவிட்டுப் புல்லியைத் திணித்தால் சீல் ஒருபக்கம் நசுங்கும், முதல் வாரமே ஆயில் ஒழுகும். கிராங்க் நட்டைக் கையேட்டு அளவுக்கு முறுக்கி லாக் வாஷரை மடியுங்கள். சம்ப்புத் திறப்பில் வைத்த துணியைக் கவர் மூடுமுன் எடுத்தீர்களா என்று நோட்டில் ஒரு டிக் போடுங்கள்.

டாப்பெட்டும் பற்றவைப்பும்

செயினை மாற்றியபின் டாப்பெட் இடைவெளி பார்ப்பது கட்டாயம். எட்டு வால்வுகளை முன்னாலிருந்து 1 முதல் 8 வரை எண்ணுங்கள். ‘ஒன்பது’ விதி இங்கே உதவும். முழுதும் திறந்திருக்கும் வால்வின் எண்ணோடு எதைக் கூட்டினால் 9 வருமோ, அந்த வால்வைச் சரிசெய்ய வேண்டும். 8 திறந்திருந்தால் 1. 6 திறந்திருந்தால் 3. 4 திறந்திருந்தால் 5. 7 திறந்திருந்தால் 2. இடைவெளி அளவைக் கையேட்டிலிருந்து எடுங்கள்.

பாயிண்ட் இடைவெளி, லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டருக்கு, 0.014 முதல் 0.016 அங்குலம். பிறகு பற்றவைப்பு. முன்பு யாராவது டிஸ்ட்ரிபியூட்டரை முன்னுக்குத் திருப்பி வைத்திருந்தால், செயின் இழந்த டிகிரிகள் இப்போது திரும்பிவிட்டதால், பற்றவைப்பு மிக முந்திவிடும். அப்படியே ஓட்டினால் ஏற்றத்தில் ‘கிணிகிணி’ என்று நாக்கிங் வரும், பிஸ்டன் கெடும். ஆகவே பழைய குறியை நம்பாமல், பல்ப் வைத்து நிலையாகவோ டைமிங் லைட் வைத்து ஓடும்போதோ புதிதாக அமையுங்கள். பற்றவைப்பு வரிசை 1, 3, 4, 2.

முதல் ஸ்டார்ட்

ஆயில், ஃபில்டர், கூலண்ட் எல்லாம் நிரம்பியபின், காயிலின் வயரைக் கழற்றிவைத்து, ஆயில் பிரஷர் காட்டும்வரை ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுழலவிடுங்கள். பிறகு வயரை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் நிமிடம் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள். கவரின் விளிம்பிலும் புல்லிக்குப் பின்னாலும் ஒழுகல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சின் சூடானதும் ஐடிலைச் சரிசெய்யுங்கள். செயின் சரியாக இருந்தால் ஐடில் முன்னைவிட அமைதியாக, ஒரே சீராக நிற்கும்.

500 கிலோமீட்டர் ஓடியபின் கவர் போல்ட்டுகளையும் பற்றவைப்பையும் ஒருமுறை பாருங்கள். 20டபிள்யூ-50 ஆயிலை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள். புதிய செயினுக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதுதான். பழைய ஆயிலையும் கூலண்டையும் சாக்கடையில் கொட்டாமல், எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கொடுங்கள்.

நோட்டில் நான்கு விஷயம் எழுதிவையுங்கள்: தேதி, கிலோமீட்டர், எத்தனை டிகிரி பின்னசைவு இருந்தது, புதிய செயினுக்கு எத்தனை டிகிரி. ஆண்டுக்கு ஒருமுறை அதே சோதனையைச் செய்து பக்கத்தில் எழுதுங்கள். அந்த எண் கூடிக்கொண்டே வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குச் செயின் ஒருநாளும் அதிர்ச்சி தராது.

உத்தர்பாராவில் 2014-ஆம் ஆண்டு அம்பாசிடர் உற்பத்தி நின்றது. இனி ஓடப்போகும் ஒவ்வொரு வண்டியும், அதை வைத்திருப்பவர் எவ்வளவு அறிந்து பராமரிக்கிறார் என்பதைப் பொறுத்தே ஓடும். உங்கள் வண்டி இழுக்க மறுக்கும் நாளில், டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்ப்பில் கைவைக்குமுன் பிளக்கைக் கழற்றிப் பின்னசைவை ஒருமுறை அளந்து பாருங்கள். அளந்த பிறகு திருப்புங்கள்.